மாற்றியக் கணக்கு தப்புகிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

பதினோராம் வகுப்பில் ஹைட்ரோகார்பன் பாடம் தொடங்கிவிட்டால் என் சிவப்பு மைப் பேனா சீக்கிரம் தீர்ந்துவிடும். "மாற்றியங்களை வரைக" என்ற கேள்விக்கு ஒருவர் ஒன்று கூடுதலாக வரைந்திருப்பார், அடுத்தவர் ஒன்று குறைவாக வரைந்திருப்பார். வருஷா வருஷம் பிள்ளைகள் மாறினாலும் பிழைகள் அதேதான். வரையறை எல்லாருக்கும் தெரியும். "ஒரே மூலக்கூறு வாய்பாடு, வேறு வேறு அமைப்பு" என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். தாளில் உள்ள படத்தையே மூலக்கூறு என்று நம்பும்போதுதான் சறுக்குகிறார்கள். எந்தக் கார்பன் எந்தக் கார்பனைப் பிடித்திருக்கிறது என்பதுதான் மூலக்கூறு. படம் வளைந்திருக்கிறதா, திரும்பியிருக்கிறதா என்பதெல்லாம் பேனா பிடித்த கையின் சௌகரியம்.

ஆகவே இங்கே பாடம் நடத்தப் போவதில்லை. உங்கள் விடை எப்படித் தப்புகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் பத்து நொடியில் பார்த்துவிடக்கூடிய காரணம் முதலில் வரும், நேரம் பிடிப்பது பின்னால் வரும். படங்களில் ● என்பது ஒரு கார்பன். ஹைட்ரஜனை வரையவில்லை. கார்பனுக்கு நான்கு கை, மற்ற கார்பனைப் பிடித்தது போக மிச்சமுள்ள கையிலெல்லாம் ஹைட்ரஜன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 1: விடையைவிடக் கூடுதலாக வருகிறது

அதிகம் பார்ப்பது இதைத்தான். சென்ற ஆண்டு ஒரு மாணவி நோட்டோடு வந்து நின்றாள். "மிஸ், ஐந்து கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன். எத்தனை தடவை எண்ணினாலும் ஆறு வருது. புத்தகத்துல மூணுன்னு போட்டிருக்கு." பக்கத்தைப் பார்த்தேன். ஆறு படமும் அச்சுப் போட்டது போல அழகு. முதல் படத்தில் ஐந்து கார்பனும் நேர்கோட்டில். இரண்டாவதில் கடைசிக் கார்பன் கீழே மடங்கி இருந்தது. மூன்றாவதில் இரு முனையும் மடங்கி, தொட்டில் மாதிரி. நான்காவதில் நான்கு கார்பன் நேராக, இரண்டாவதின் தலையில் ஒன்று. ஐந்தாவதில் நான்கு கார்பன் நேராக, மூன்றாவதின் காலில் ஒன்று. ஆறாவது கூட்டல் குறி.

முதல் மூன்றும் பென்டேன். நான்காவதும் ஐந்தாவதும் 2-மெத்தில்பியூட்டேன் (மெத்தில் என்பது ஒரு கார்பன் கிளை, 2 என்பது அது இருக்கும் இடம்). ஆறாவது 2,2-டைமெத்தில்புரப்பேன். மூன்று மூலக்கூறு, ஆறு கோலம்.

முதலில் பார்க்க வேண்டியது: மடங்கிய முனை. பேனா நுனியை ஒரு முனைக் கார்பனில் வையுங்கள். கையை எடுக்காமல், போன வழியில் திரும்பாமல், எத்தனை கார்பன் வரை போக முடிகிறது? மேலே போனாலும் கீழே போனாலும் கணக்கில் ஒன்றுதான். அந்த நீளம்தான் முதன்மைச் சங்கிலி. தொட்டில் படத்தில் இப்படி நடந்தால் ஐந்தும் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும், கிளையே இல்லை என்று தெரிந்துவிடும்.

அடுத்தது: இடவலம் திருப்பிய படம். தாளை வெளிச்சத்துக்குக் காட்டிப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். பின்னால் தெரிவதும் நீங்கள் ஏற்கெனவே வரைந்த இன்னொரு படமும் ஒன்றாக இருந்தால் ஒன்றை அடித்துவிடுங்கள். நான்காவது, ஐந்தாவது படங்களின் கதை இதுதான்.

இரண்டிலும் தெளியவில்லை என்றால் பக்கத்துக் கணக்கு போடுங்கள். நான் பிள்ளைகளிடம் வற்புறுத்திப் பழக்குவது இதைத்தான். ஒவ்வொரு கார்பனுக்கும் மேலே, அது எத்தனை கார்பனைத் தொடுகிறது என்று ஓர் எண் எழுதுங்கள். பென்டேனுக்கு 1, 2, 2, 2, 1 வரும். 2-மெத்தில்பியூட்டேனை ஏறுவரிசையில் எழுதினால் 1, 1, 1, 2, 3. கூட்டல் குறிக்கு 1, 1, 1, 1, 4. வளையமில்லாத எந்தச் சேர்மத்திலும் இந்த எண்களின் கூட்டுத்தொகை, கார்பன் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து இரண்டால் பெருக்கினால் வருவதுதான். ஐந்து கார்பனுக்கு எட்டு. கூட்டுத்தொகை எட்டு வரவில்லை என்றால் எங்கோ தவறாக எண்ணியிருக்கிறீர்கள்.

இரண்டு படத்தின் எண்கள் வேறுபட்டால் அவை நிச்சயம் வேறு சேர்மங்கள். ஒன்றாக இருந்தால் மட்டும் அவசரப்பட்டு அடித்துவிடாதீர்கள். ஆறு கார்பனில் 2-மெத்தில்பென்டேனுக்கும் 3-மெத்தில்பென்டேனுக்கும் ஒரே வரிசைதான் வரும்: 1, 1, 1, 2, 2, 3. அப்போது அந்த 3-ஐ மட்டும் உற்றுப் பாருங்கள். அது யாரைத் தொடுகிறது? 2-மெத்தில்பென்டேனில் இரண்டு முனைக் கார்பனையும் ஒரு நடுக் கார்பனையும் தொடும். 3-மெத்தில்பென்டேனில் ஒரு முனையையும் இரண்டு நடுவையும் தொடும். எனவே இரண்டும் வேறு.

இதற்குப் பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால்தான் கையால் செய்து பார்க்கும் வேலை. கடையில் விற்கும் மாதிரிப் பெட்டி எதுவும் வேண்டாம். இரவு ஊறவைத்த கொண்டைக்கடலையும் துடைப்பத்து ஈர்க்குச்சியின் தடித்த அடிப்பகுதியும் போதும். குச்சியை இரண்டு அங்குலத் துண்டுகளாக ஒடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கடலையிலும் நான்கு குச்சி, முக்காலி மாதிரி மூன்று கீழே, ஒன்று மேலே. கார்பனோடு சேராத குச்சி நுனியெல்லாம் ஹைட்ரஜன். ஒரு நாள் விட்டால் கடலை காய்ந்து குச்சியை இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்த மாணவிக்கு முதல் மூன்று படங்களையும் இப்படிச் செய்யச் சொன்னேன். ஒன்றைச் செய்து முடித்து, அடுத்ததற்குக் கடலையை எடுக்கும்போதே கை நின்றுவிட்டது. கையில் இருந்ததன் முனையைத் திருகினாள், மடங்கியது. இன்னொரு முனையையும் திருகினாள், தொட்டில் வந்தது. நான் சொல்ல எதுவும் மிச்சமில்லை.

அறிகுறி 2: விடையைவிடக் குறைவாக வருகிறது

கூடுதலாக வந்தால் அடித்துச் சரிசெய்யலாம். குறைவாக வந்தால் எதை விட்டோம் என்றே தெரியாது. அதனால் இங்கே படத்தை உற்றுப் பார்ப்பதில் பயனில்லை, வரைந்த ஒழுங்கைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் காரணம், மனம் போன போக்கில் வரைவது. நீளமான சங்கிலியில் தொடங்கி, ஒவ்வொரு கார்பனாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஆறு கார்பன், பதினான்கு ஹைட்ரஜனை எடுத்துக்கொள்வோம். ஆறும் நேராக: ஹெக்சேன். ஐந்தின் மேல் ஒன்று: முனையில் வைத்தால் மறுபடி ஹெக்சேன்தான், 2-இல் ஒன்று, 3-இல் ஒன்று, 4-இல் வைத்தால் திருப்பிப் பார்க்கையில் 2. எனவே இரண்டு. நான்கின் மேல் இரண்டு: இரண்டும் 2-இல், அல்லது 2-இலும் 3-இலும். எனவே இன்னும் இரண்டு. மூன்றின் மேல் மூன்று: நடுக் கார்பனுக்கு இரண்டு கைதான் மிச்சம், மூன்றாவதற்கு இடமில்லை. நிறுத்திவிடலாம். மொத்தம் ஐந்து. நிறுத்த வேண்டிய இடம் தானாகத் தெரிவதுதான் இந்த ஒழுங்கின் பலன்.

அடுத்த காரணம், இரண்டு கார்பன் நீளமுள்ள எத்தில் கிளையை மறப்பது. ஏழு கார்பன் ஆல்கேனில் (ஒற்றைப் பிணைப்பு மட்டுமே உள்ள ஹைட்ரோகார்பன்) எட்டு வரைந்துவிட்டு ஒன்பதாவதைத் தேடுபவர்களிடம் பெரும்பாலும் இல்லாதது 3-எத்தில்பென்டேன். ஐந்தின் மேல் இரண்டு என்றதும் இரண்டையும் தனித்தனி மெத்திலாகவே நினைக்கிறார்கள், சேர்ந்து ஒரே கிளையாகவும் இருக்கலாம் என்பது தோன்றுவதில்லை. அது இருக்கிறது என்றால் 2,2,3-ட்ரைமெத்தில்பியூட்டேன் இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு கார்பன் சங்கிலி வரை இறங்காமல் பாதியில் நின்றவர்கள் விடுவது அதைத்தான்.

சரிபார்க்க இந்த எண்களைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். ஆல்கேன்களின் அமைப்பு மாற்றியங்கள்: நான்கு கார்பனுக்கு 2, ஐந்துக்கு 3, ஆறுக்கு 5, ஏழுக்கு 9, எட்டுக்கு 18, ஒன்பதுக்கு 35, பத்துக்கு 75. இருபது கார்பனுக்குப் போனால் 3,66,319. எட்டுக்கு மேல் கையால் வரைந்து பழகுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஏழு கார்பனைப் பிழையில்லாமல் ஒன்பதாக வரைபவர் முறையைக் கற்றுவிட்டார்.

அறிகுறி 3: புத்தகத்தில் ஒரு எண், வழிகாட்டியில் வேறு எண்

கார்பன் 4, ஹைட்ரஜன் 8. இந்த ஒரு வாய்பாட்டுக்கு 3, 4, 5, 6 என்று நான்கு விடைகளையும் நான் அச்சில் பார்த்திருக்கிறேன். நான்கும் சரி, கேள்விதான் வேறு.

பியூட்-1-ஈன், பியூட்-2-ஈன், 2-மெத்தில்புரப்பீன். ஆல்கீனாக, அதாவது இரட்டைப் பிணைப்போடு, இருக்கும் அமைப்பு மாற்றியம் மட்டும் கேட்டால் மூன்று. அதில் பியூட்-2-ஈனை சிஸ் (இரண்டு மெத்திலும் ஒரே பக்கம்), டிரான்ஸ் (எதிரெதிர்ப் பக்கம்) என்று பிரித்தால் நான்கு. வளையங்களான சைக்ளோபியூட்டேனையும் மெத்தில்சைக்ளோபுரப்பேனையும் சேர்த்து அமைப்பு மாற்றியம் கேட்டால் ஐந்து. எல்லாவற்றையும் கேட்டால் ஆறு.

ஆகவே வரையத் தொடங்கும் முன்பே கேள்வியில் இரண்டு சொற்களைத் தேடி அடிக்கோடிடுங்கள். "ஆல்கீன்" என்று இருக்கிறதா, வெறும் "மூலக்கூறு வாய்பாடு" என்று இருக்கிறதா? "அமைப்பு மாற்றியம்" என்று இருக்கிறதா, "புறவெளி மாற்றியம் உட்பட" என்று இருக்கிறதா? (இணைப்பு அதே, வெளியில் அமைந்திருக்கும் விதம் மட்டும் வேறு என்றால் அது புறவெளி மாற்றியம்.) ஐந்து கார்பன், பத்து ஹைட்ரஜனுக்கும் இதே கதைதான்: ஆல்கீன் அமைப்பு 5, வளைய அமைப்பு 5, சேர்த்து 10. சிஸ்-டிரான்ஸையும் ஆடிப்பிம்ப இணையையும் (இடக்கை வலக்கை மாதிரி, ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாத இரண்டு) தனித்தனியாக எண்ணினால் 13 வரை போகும்.

கேள்வி தெளிவாக இல்லாத தேர்வில் என் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: எதை எண்ணினீர்கள் என்று விடைக்கு மேல் ஒரு வரி எழுதிவிடுங்கள். திருத்துபவருக்கு உங்கள் கணக்கின் எல்லை புரியும்.

அறிகுறி 4: ஹைட்ரஜன் கணக்கு இடிக்கிறது

வரைந்து முடித்து ஹைட்ரஜனை எண்ணினால் ஒன்றோ இரண்டோ கூடவோ குறையவோ வருகிறது.

ஐந்து கை வைத்த கார்பன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிளை சேர்க்கும்போது அந்தக் கார்பனில் ஏற்கெனவே எழுதிய ஹைட்ரஜனைக் குறைக்க மறப்பதால் வருவது இது. இரட்டைப் பிணைப்பின் பக்கத்தில் இன்னும் அதிகம் நடக்கும். இரட்டைப் பிணைப்பு இரண்டு கைகளை எடுத்துக்கொள்கிறது. அதன் பிறகு அந்தக் கார்பனில் இரண்டு பேருக்குத்தான் இடம்.

எல்லாக் கார்பனுக்கும் கை நான்குதான், ஆனாலும் மொத்தம் ஒத்துவரவில்லை என்றால், நீங்கள் வேறொரு குடும்பத்தையே வரைந்திருக்கிறீர்கள். கார்பன் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, இரண்டைக் கூட்டுங்கள். அதிலிருந்து கேள்வியில் உள்ள ஹைட்ரஜனைக் கழித்துப் பாதியாக்குங்கள். சுழி வந்தால் ஆல்கேன். ஒன்று வந்தால் ஒரு இரட்டைப் பிணைப்பு, அல்லது ஒரு வளையம். இரண்டு வந்தால் ஒரு முப்பிணைப்பு, இரண்டு இரட்டைப் பிணைப்பு, ஒரு வளையமும் ஒரு இரட்டைப் பிணைப்பும், அல்லது இரண்டு வளையம்.

நான்கு கார்பன், ஆறு ஹைட்ரஜனைப் பாருங்கள். பத்தில் ஆறு போக நான்கு, பாதி இரண்டு. இதைப் பார்த்ததும் எல்லாரும் பியூட்-1-ஐனையும் பியூட்-2-ஐனையும் வரைந்துவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். பியூட்டா-1,2-டையீனும் பியூட்டா-1,3-டையீனும் அதே வாய்பாடுதான். திறந்த சங்கிலியிலேயே நான்கு, வளையங்கள் தனி. செயற்கை ரப்பர் தயாரிக்கப் பயன்படும் பியூட்டாடையீன் இந்த 1,3 தான். அதை விட்டுவிட்டுப் பட்டியல் போடுவது எனக்கு மனதுக்கு ஒப்பாது.

அறிகுறி 5: வரைந்தது சரி, பெயர் தப்பு

படத்துக்கு மதிப்பெண் வந்து பெயருக்குப் போகிறது. சில நேரம் இதைவிடப் பெரிய நஷ்டமும் உண்டு: ஒரே சேர்மத்துக்கு இரண்டு பெயர் வைத்து இரண்டாக எண்ணிவிடுவது. அறிகுறி 1-க்கு ஒளிந்திருக்கும் வேர் பல நேரம் இதுதான்.

பெயரைப் பார்த்த மாத்திரத்தில் சந்தேகப்பட வேண்டியவை சில உண்டு. திறந்த சங்கிலி ஆல்கேனில் "1-மெத்தில்" என்று எதுவுமே கிடையாது. முனையில் மெத்தில் வைத்தால் சங்கிலி நீளும், அவ்வளவுதான். "1-மெத்தில்பியூட்டேன்" என்று நீங்கள் எழுதியது பென்டேன். அதே போல் ஆல்கேனில் "2-எத்தில்" கிடையாது. "2-எத்தில்பியூட்டேன்" என்று எழுதியதில் எத்திலின் வழியாக நடந்து பாருங்கள், சங்கிலி ஐந்தாகும். அது 3-மெத்தில்பென்டேன். பொதுவாக நினைவில் வைக்க: மெத்தில் 2-லிருந்து தொடங்கும், எத்தில் 3-லிருந்து, புரப்பைல் 4-லிருந்து. முனையிலிருந்து கிளைவரை உள்ள தூரத்தைவிடக் கிளை நீளமாக இருந்தால் அந்தக் கிளைதான் சங்கிலி.

இது சரியாக இருந்தும் தப்பு என்றால் எண்ணத் தொடங்கிய முனையைப் பாருங்கள். "4-மெத்தில்பென்டேன்" என்பது வலமிருந்து எண்ண வேண்டியதை இடமிருந்து எண்ணியது. சரியானது 2-மெத்தில்பென்டேன்.

ஆல்கீனில் ஒழுங்கு மாறும். அங்கே இரட்டைப் பிணைப்புக்குத்தான் முதல் மரியாதை, கிளைக்கு அடுத்ததுதான். "2-மெத்தில்பியூட்-3-ஈன்" என்று எழுதியிருந்தால் திருப்பி எண்ணுங்கள், 3-மெத்தில்பியூட்-1-ஈன் வரும். மேலே சொன்ன எத்தில் விதிக்கும் இங்கே ஒரு விலக்கு உண்டு: பள்ளிப் பாட முறையில் முதன்மைச் சங்கிலி இரட்டைப் பிணைப்பின் இரண்டு கார்பனையும் தன்னுள் வைத்திருக்க வேண்டும். அதனால் 2-எத்தில்பியூட்-1-ஈன் என்ற பெயர் சரிதான். ஐந்து கார்பன் நீளச் சங்கிலி ஒன்று அதில் ஓடினாலும், அதற்குள் இரட்டைப் பிணைப்பு முழுதாக வராது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே இதை அடித்துவிட்டு வருகிறார்கள்.

அறிகுறி 6: சிஸ்-டிரான்ஸ் இருக்கும் இடத்தில் விட்டு, இல்லாத இடத்தில் போடுகிறேன்

இரட்டைப் பிணைப்பைக் கண்டாலே சிஸ், டிரான்ஸ் என்று இரண்டு படம் போடுவது ஒரு வகை. பியூட்-2-ஈனை ●—●=●—● என்று ஒரே கோட்டில் எழுதிவிட்டு, பிரிக்க இடமே தெரியாமல் விடுவது இன்னொரு வகை.

இரண்டாவதை முதலில் சரிசெய்யுங்கள், அது சுலபம். இரட்டைப் பிணைப்பு உள்ள எதையும் நேர்கோட்டில் எழுதாதீர்கள். நடுவில் இரட்டைக் கோடு போட்டு, இருபுறமும் கவட்டை மாதிரி இரண்டிரண்டு கை விரித்து வரையுங்கள். நான்கு இடம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் எது எந்தப் பக்கம் என்று கேட்கவே தோன்றும்.

பிறகு ஒரு கார்பனைக் கட்டைவிரலால் மூடுங்கள். மிச்சமுள்ள கார்பனில் மேலும் கீழும் இருப்பவை வேறு வேறா? அடுத்து அதை மூடி, முதல் கார்பனைக் கேளுங்கள். இரண்டு பக்கமும் "வேறு" என்று பதில் வந்தால் மட்டுமே வடிவ மாற்றியம் உண்டு. ஒரு பக்கம் ஒன்றுபோல் இருந்தாலே கிடையாது. பியூட்-1-ஈனின் முனைக் கார்பனில் இரண்டும் ஹைட்ரஜன், எனவே இல்லை. 2-மெத்தில்பியூட்-2-ஈனில் ஒரு பக்கம் இரண்டு மெத்தில், எனவே இல்லை. பென்ட்-2-ஈனில் உண்டு.

இதைச் செய்த பிறகும் எது சிஸ், எது டிரான்ஸ் என்பதில் குழப்பம் என்றால், உங்கள் சேர்மத்தில் மூன்று அல்லது நான்கு கார்பன் தொகுதிகள் இருக்கும். 3-மெத்தில்பென்ட்-2-ஈனைப் பாருங்கள். ஒரு பக்கம் ஹைட்ரஜனும் மெத்திலும், மறுபக்கம் மெத்திலும் எத்திலும். இரண்டு மெத்திலும் ஒரே பக்கம் இருப்பதைக் கண்டு "சிஸ்" என்று எழுதிவிடுகிறார்கள். இந்த இடத்தில் ஈ–இசட் (E–Z) முறைதான் உதவும்: உயர்ந்த தொகுதிகள் ஒரே பக்கம் என்றால் இசட், எதிரெதிர்ப் பக்கம் என்றால் ஈ. ஒவ்வொரு கார்பனிலும் உயர்ந்த தொகுதி எது? இடப்பக்கம் மெத்தில், வலப்பக்கம் எத்தில். மெத்தில்கள் ஒரே பக்கம் என்றால் எத்தில் எதிர்ப்பக்கம் போய்விட்டது, எனவே அது ஈ. நண்பர்கள் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்க்காமல், ஒவ்வொரு வீட்டின் பெரியவரும் எந்தத் திண்ணையில் என்று பாருங்கள் என்பேன்.

ஆல்கைனில் இந்தத் தேடலே வேண்டாம். முப்பிணைப்பின் இருபுறமும் நேர்கோடு, மேல் கீழ் என்பதே கிடையாது. வளையத்தில் உண்டு: 1,2-டைமெத்தில்சைக்ளோபுரப்பேனில் இரண்டு மெத்திலும் வளையத் தளத்துக்கு ஒரே பக்கம் இருக்கலாம், எதிரெதிர்ப் பக்கமும் இருக்கலாம்.

கடலை மாதிரியில் இரட்டைப் பிணைப்புக்கு இரண்டு குச்சியை வளைத்துக் குத்துங்கள். திருக முயன்றால் திரும்பாது. அந்தத் திரும்பாமைதான் பியூட்-2-ஈனை இரண்டு பொருளாக்குகிறது. சிஸ் சுமார் 4 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், டிரான்ஸ் 1 டிகிரியில். இயற்கை ரப்பரும் கட்டாபர்ச்சா என்ற மரப்பால் பொருளும் ஒரே ஐசோப்ரீன் அலகால் ஆனவை. சிஸ் இழுத்தால் நீண்டு திரும்பும் ரப்பர், டிரான்ஸ் விறைப்பான கட்டாபர்ச்சா.

அறிகுறி 7: பென்சீன் வளையத்தில் எண்ணிக்கை கூடுகிறது

எட்டு கார்பன், பத்து ஹைட்ரஜன், பென்சீன் வளையம் உள்ளவை எத்தனை? விடை நான்கு: எத்தில்பென்சீன், இரண்டு மெத்தில்கள் முறையே 1,2-இல், 1,3-இல், 1,4-இல் உள்ள ஆர்த்தோ, மெட்டா, பாரா சைலீன்கள். ஆறு என்று வந்தால் 1,2-ஐயும் 1,6-ஐயும் தனியாக எண்ணியிருக்கிறீர்கள், 1,3-ஐயும் 1,5-ஐயும் அப்படியே. வட்டமாகத் தாளை வெட்டி வரைந்து சுழற்றினால் உடனே தெரியும்.

ஆர்த்தோவில் மட்டும் இரண்டு வருகிறது என்றால் காரணம் வேறு. மெத்தில்களுக்கு நடுவே இரட்டைக் கோடு வருகிற படம் ஒன்று, ஒற்றைக் கோடு வருகிற படம் ஒன்று போட்டிருப்பீர்கள். வளையத்தின் ஆறு பிணைப்பும் ஒரே நீளம், அதனால் அப்படி இரண்டு பொருள் கிடையாது. நடுவில் வட்டம் போட்டு வரையப் பழகினால் இந்தப் பிழை வரவே வராது.

மூன்று சைலீனும் 138 முதல் 144 டிகிரிக்குள் கொதிப்பவை, காய்ச்சி வடித்துப் பிரிப்பது கஷ்டம். ஆனால் பாரா மட்டும் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும், மற்ற இரண்டும் சுழிக்கு வெகு கீழே. குளிர்வித்துப் படிகமாக்கிப் பாராவைப் பிரிக்கும் தொழிற்சாலை முறை இதை வைத்துத்தான். நாம் உடுத்தும் பாலியெஸ்டருக்கு மூலப்பொருள் அந்தப் பாரா-சைலீன்.

அறிகுறி 8: திருகினால் வருவதையும் மாற்றியமாக எண்ணிவிட்டேன்

ஈத்தேனுக்கு அமைப்பு மாற்றியம் இல்லை என்று தெரிந்தவர்களே, வச அமைப்புப் (ஒற்றைப் பிணைப்பு சுழல்வதால் வரும் வடிவங்கள்) பாடம் படித்த மறுநாள் பியூட்டேனுக்கு ஐந்தாறு எழுதுகிறார்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்தக் குச்சியையும் பிடுங்காமல் ஒன்றிலிருந்து மற்றதைக் கொண்டுவர முடிகிறதா? முடிந்தால் ஒரே சேர்மம். ஒற்றைப் பிணைப்பு அறை வெப்பநிலையிலேயே ஓயாமல் சுழல்கிறது. எந்த நிலையையும் தனியே எடுத்து ஒரு குடுவையில் அடைக்க முடியாது. சைக்ளோஹெக்சேனின் நாற்காலி, படகு வடிவங்களும் அப்படியே.

உண்மையான மாற்றியங்களைத் தனித்தனிக் குடுவையில் அடைக்கலாம். பென்டேன் 36 டிகிரியிலும், 2-மெத்தில்பியூட்டேன் 28-இலும், 2,2-டைமெத்தில்புரப்பேன் 9.5-இலும் கொதிக்கும். 30 டிகிரி இருக்கும் நம் வகுப்பறையில் முதலாவது திரவமாக இருக்கும், மற்ற இரண்டும் வாயுவாகிவிடும்.

அறிகுறி 9: ஏழு கார்பனுக்கு ஒன்பது வந்தது, ஆனால் விடை பதினொன்று

ஆடிப்பிம்பங்களையும் எண்ணச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கார்பனின் நான்கு கையிலும் நான்கு வேறு தொகுதி இருக்கிறதா என்று தேடுங்கள். 3-மெத்தில்ஹெக்சேனில் மூன்றாவது கார்பன்: ஹைட்ரஜன், மெத்தில், எத்தில், புரப்பைல். 2,3-டைமெத்தில்பென்டேனிலும் மூன்றாவது கார்பன் அப்படித்தான். இரண்டுக்கும் ஒவ்வோர் இணை கூடுகிறது. திறந்த சங்கிலி ஆல்கேனில் ஏழு கார்பனுக்குக் கீழே இது கிடையாது, எனவே ஆறு வரை தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். ஆனால் ஆல்கீனில் ஆறிலேயே உண்டு: 3-மெத்தில்பென்ட்-1-ஈன்.

எப்போது ஆசிரியரிடம் போவது

நடந்து பார்த்து, பக்கத்துக் கணக்குப் போட்டு, பெயரும் வைத்த பிறகு மூன்றில் ஒன்று மட்டும் வேறு பதில் சொன்னால் போங்கள். அது பெரும்பாலும் பெயரிடும் விதியின் ஒரு விலக்காக இருக்கும், தனியாக உட்கார்ந்து கண்டுபிடிக்க ஒரு மாலை வீணாகும். ஒரே கார்பனில் இரண்டு இரட்டைப் பிணைப்பு வரும் டையீன்கள், இரண்டு மூன்று கிளையுள்ள வளையங்கள் ஆகியவற்றின் புறவெளி மாற்றியம் கேட்டாலும் நேராகப் போய்விடுங்கள். கட்டைவிரல் சோதனை அங்கே போதாது.

ஒன்பது, பத்து கார்பனின் எண்ணிக்கையைக் கணினியிடம் விட்டுவிடுங்கள். ஆய்வகத்தில் பெயர்ச்சீட்டு கிழிந்த குடுவைக்குள் எந்த மாற்றியம் இருக்கிறது என்ற கேள்விக்குத் தாளில் விடை கிடையாது. முகர்ந்தோ சூடாக்கியோ பார்க்காதீர்கள். இவை நொடியில் பற்றிக்கொள்ளும் பொருள்கள். ஆய்வக ஆசிரியரிடம் ஒப்படைத்துவிடுங்கள், வாயு நிறப்பிரிகைக் கருவி உள்ள இடத்தில் பிரித்துச் சொல்வார்கள்.

ஆசிரியரிடம் போகும்போது அடித்த படங்களை அழிப்பானால் அழித்துவிட்டுப் போகாதீர்கள். ஒரு கோடு மட்டும் போட்டு அப்படியே விடுங்கள். எதை வேறு என்று நினைத்தீர்கள் என்பது அந்த அடித்த படத்தில்தான் இருக்கிறது, எனக்கு முதலில் வேண்டியது அதுதான்.